ஒரு கதவுக்கு இரண்டு பூட்டு

‘தெரியும்’ என்று எங்கள் பயிற்சி மேடத்திடம் சொல்லிவிட்டு யாரும் தப்பித்ததில்லை.

வாய் தவறிச் சொன்னால் போதும். தோள் பையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு நிற்பார். “எங்க, செஞ்சு காட்டுங்க பாப்பம்.” அதற்குப் பிறகு செய்துதான் காட்ட வேண்டும். வேலை கிடக்கிறது, ஆள் வரவில்லை, அடுத்த வாரம் பார்க்கலாம் என்பதெல்லாம் அவரிடம் எடுபடாது. நின்ற இடத்திலேயே நிற்பார். அவர் நிற்பதைப் பார்த்து நமக்குத்தான் கால் வலிக்கும்.

எங்கள் சந்து முனையில் டீக்கடை வைத்திருப்பவர் ஒரு நாள் இப்படித்தான் மாட்டிக்கொண்டார். மேடம் டீ குடிக்கப் போன இடத்தில், கேஸ் சிலிண்டரைப் பார்த்து, “அவசரத்துக்கு மூடத் தெரியுமாண்ணே?” என்று கேட்டிருக்கிறார். “இருவது வருசமா கடை வச்சிருக்கேன், எனக்குத் தெரியாதா மேடம்?” என்றிருக்கிறார் அவர். வந்தது வினை. சிலிண்டருக்கு முன்னால் பால் கேன், பால் கேனுக்கு முன்னால் பிஸ்கட் டப்பா, அதற்கும் முன்னால் அவருடைய மழைக்கோட்டு. எல்லாவற்றையும் விலக்கி அவர் கையை உள்ளே விடுவதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. மேடம் கோபப்படவில்லை, உபதேசமும் செய்யவில்லை. பால் கேனை ஒரு கையில் தூக்கி, “இது இனிமே இந்தப் பக்கம்” என்று இடம் மாற்றி வைத்துவிட்டு, மீதி டீயைக் குடித்துவிட்டுப் போனார். பால் கேன் இன்றைக்கும் அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம் என்றாலும் அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் மும்பையில், செம்பூர். வாஷி தாண்டி ஒரு பெரிய ஃபாக்டரியில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்துவிட்டு, அந்த வேலையை விட்டு வந்தவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். “அங்க எல்லாத்துக்கும் போர்டு மாட்டி வச்சிருக்கான்க்கா. போர்டு நல்லாத்தான் இருக்கு. படிக்கத்தான் ஆளில்ல” என்றார். அவர் என்னை அக்கா என்பார், நான் அவரை அக்கா என்பேன். இருவருக்கும் வயது நாற்பதுக்கு மேல். யார் மூத்தவள் என்பதைக் கடைசி வரை இரண்டு பேருமே விட்டுக்கொடுக்கவில்லை.

பருத்திச் சேலை, அதற்குக் கீழே ஆண்கள் போடுகிற கனத்த கறுப்பு ஷூ. சந்துக்குள் நுழையும்போதே அந்த ஷூச் சத்தம் கேட்கும். கேட்டதும் பட்டறைக்காரர்கள் பரபரவென்று எதையாவது எடுத்து எங்காவது ஒளித்து வைப்பார்கள்.

நாங்கள் தாராவியில் பெண்களுக்கான தோல் பை தைக்கிறவர்கள். கீழ்த்தளத்தில் வெட்டுகிற, ஒட்டுகிற வேலை. ஒட்டுவதற்குச் சொல்யூஷன் டப்பாக்கள் திறந்தே கிடக்கும். உள்ளே நுழைகிற புது ஆளுக்கு அந்த வாடையில் தலை சுற்றும். கூரையில் ஓர் ஆள் நுழைகிற அளவுக்குச் சதுரமாக ஓட்டை. அதற்கு ஓர் இரும்பு ஏணி. மேலே ஏறினால் தையல் மிஷின்கள், பேக்கிங் மேசை. மேலே வேலை பார்ப்பது நானும் மற்றப் பெண்களும். கீழே என் வீட்டுக்காரரும் ஆண்களும்.

எங்களிடம் மால், அதாவது தைத்த சரக்கு, எடுக்கிற கம்பெனி, சின்னப் பட்டறை முதலாளிகளுக்கெல்லாம் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறோம், செலவு எங்களுடையது என்று சொல்லி அவரை அனுப்பியது. என் வீட்டுக்காரர் துளியும் நம்பவில்லை. “பாதுகாப்பாம்லா பாதுகாப்பு. முன்னால இந்தம்மா சிரிச்சிக்கிட்டு வருவாவ, பின்னாலயே பட்டறைய பந்த் பண்ணுன்னு நோட்டீஸ் வரும், பாத்துக்க” என்றார். அப்படிச் சொல்லிவிட்டு, மேடம் வருகிற நாளன்று தரையைக் கழுவி, நல்ல நாற்காலியாகப் போட்டு, கூல் டிரிங்க் வாங்கி வைத்திருந்தார். பயம் வந்தால் இவருக்கு உபசாரமும் கூடவே வந்துவிடும்.

மேடம் நாற்காலியில் உட்காரவில்லை. கூல் டிரிங்கைக் குடித்தார். குடித்துக்கொண்டே கூரை ஓட்டையை அண்ணாந்து பார்த்தார்.

“அண்ணாச்சி, மேல யாரு இருக்காங்க?”

“பொம்பளையாளுவ இருக்காவ. என் வீட்டுக்காரியும் மேலதான்.”

“இங்க தீப்பிடிச்சா அவங்க எப்பிடி வெளிய வருவாங்க?”

“ஏணி இருக்குல்லா.”

“ஏணி இங்கதான இறங்குது. இங்கதான தீ.”

மேலே ஓட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த நான் ஏணியை எட்டிப் பார்த்தேன். இத்தனை வருஷமாக அந்த ஏணியில் ஏறி இறங்கியிருக்கிறேன். ஒரு நாளும் எனக்கு இது தோன்றவில்லை.

பாடம் நடத்துகிறேன் என்று எங்களைக் கூட்டி வைத்துப் பேசுவார் என்று நினைத்தோம். அவரோ முதலாளிமாரைத்தான் கூட்டினார். “வேல செய்றவங்களுக்கு எங்க வலிக்குதுன்னு தெரியும். உங்களுக்குத்தான் தெரியல” என்றார். என் வீட்டுக்காரரை மேலே ஏற்றி, பேச்சியம்மாளின் இடத்தில் உட்கார வைத்து, ஒரு காலைப் பொழுது முழுவதும் தைக்கச் சொன்னார். பேச்சியம்மாளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கால் சூம்பியிருக்கும். தையலில் அவளை மிஞ்ச ஆளில்லை. நடைதான் மெதுவு. கடைசி மூலையில், ஃபேனுக்குக் கீழே அவளுக்கு இடம் கொடுத்திருந்தோம். நல்ல இடம் கொடுத்திருக்கிறோம் என்று எங்களுக்கெல்லாம் பெருமையும் இருந்தது.

மத்தியானம் இவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தபோது மேடம் கேட்டார். “எல்லாத்தையும் விட மெதுவா இறங்குறது யாரு?”

“பேச்சியம்மாதான்.”

“அவங்களையா இருக்கிறதுலயே தூரத்துல வச்சிருக்கீங்க?”

“அங்ஙனதானே மேடம் ஃபேன் இருக்கு?”

“அப்ப ஃபேன மாத்துங்க.”

ஃபேனைக் கழற்றி ஏணி ஓட்டைக்குப் பக்கத்தில் மாட்டி, பேச்சியம்மாளை அங்கே உட்கார வைக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இதை நாமே யோசித்திருக்கலாமே என்று எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டோம். அவர் வந்து போன பிறகு எங்கள் சந்தில் அதிகம் கேட்ட வசனம் அதுதான்.

ஆயுத பூஜை வந்தது. அவர் சொல்லித் தீயணைக்கும் சிலிண்டர் ஒன்று வாங்கியிருந்தோம். சிவப்பாக, புத்தம் புதிதாக, லட்சணமாக இருந்தது. என் வீட்டுக்காரர் அதைத் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, மஞ்சள் நூலை அதன் கழுத்தைச் சுற்றி, அடிக்கும் முன் இழுக்க வேண்டிய பின்னையும் சேர்த்து இறுக்கிக் கட்டி, சாமி படத்துக்குக் கீழே உயரத்தில் மாட்டிவிட்டார். பூஜை முடிந்தும் இறக்கவில்லை. தினமும் கடை திறந்ததும் அதற்கும் ஒரு ஊதுபத்தி. தீயை அணைக்க வேண்டியதற்குத் தினமும் நெருப்பு காட்டிக்கொண்டிருந்தோம்.

மேடம் வந்து பார்த்தார். சிரிக்கவில்லை. “உபயோகிக்கத் தெரியுமா அண்ணாச்சி?” என்று மட்டும் கேட்டார்.

“தெரியும் மேடம்.”

தோள் பை கீழே இறங்கியது. “எங்க, செஞ்சு காட்டுங்க பாப்பம்.”

“பூச போட்டதுல்லா...” என்று இவர் இழுத்தார். ஷூவைக் கழற்றிவிட்டு அவரே ஸ்டூல் மேல் ஏறினார். கையெடுத்துக் கும்பிட்டார். மாலையை அழகாக எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டார். சிலிண்டரை இறக்கி இவர் கையில் கொடுத்தார். “சாமி உங்களக் காப்பாத்தட்டும். இத நீங்கதான் பிடிக்கணும்” என்றார். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர் எங்கள் சாமியைக் கும்பிட்ட கும்பிடில் இவர் ஆடிப்போய்விட்டார்.

சந்தில் ஒரு பழைய பெயிண்ட் டின்னில் அட்டைத் துண்டுகளைப் போட்டுப் பற்ற வைத்தார்கள். மஞ்சள் நூலை அவிழ்ப்பதற்குள் அட்டை முழுக்க எரிந்து சாம்பலாகிவிட்டது. மறுபடி பற்ற வைத்தார்கள். இரண்டாம் முறை இவர் பின்னை இழுத்து அடித்த அடியில் டின், சந்து, டீக்கடை, வேடிக்கை பார்த்தவர்கள் எல்லாம் வெள்ளைப் பொடி. மேடமும் தலையிலிருந்து ஷூ வரை வெள்ளை. அப்படியே நின்றுகொண்டு கைதட்டினார். சும்மா இல்லை, கிரிக்கெட்டில் ஜெயித்தது மாதிரித் தட்டினார். “ஒரு தடவ அடிச்சும் அடங்கலன்னா கீழ போட்டுட்டு ஓடணும், வீரம் காட்டக் கூடாது, சரியா?” என்றார். இவர் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

அடுத்தவர்களைப் படுத்திவிட்டு மேடம் தன் வீட்டில் சும்மா இருப்பார் என்று நினைக்க வேண்டாம். செம்பூரில் அவருடைய தங்கை மகள் கல்யாண வரவேற்பு. நானும் போயிருந்தேன். மண்டபத்துக்குள் நுழைந்ததும் மானேஜரிடம், “பின்னால வழி இருக்கா?” என்றார். “இருக்கு மேடம், டென்ஷன் எடுக்காதீங்க” என்றான் அவன். அவ்வளவு போதாதா? மேடையில் பொண்ணு மாப்பிள்ளை ஃபோட்டோவுக்கு நிற்க, மேடம் பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பின் ஷட்டருக்கு முன்னால் அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை மாப்பிள்ளையின் சித்தப்பாவோடு சேர்ந்து நகர்த்திக்கொண்டிருந்தார். ஷட்டர் திறந்து வெளிக்காற்று வந்த பிறகுதான் பிரியாணிப் பக்கம் போனார். சாப்பாட்டில் குறை வைக்க மாட்டார். எங்கள் மாடியிலும் மத்தியானமானால் எல்லார் டிபன் டப்பாவிலும் அவருக்கு ஒரு பங்கு உண்டு.

இனி கதவு விஷயத்துக்கு வருகிறேன்.

மேலே இருப்பவர்கள் தப்பிக்க வேண்டுமென்றால் ஒரே வழிதான். பக்கத்துப் பட்டறையும் எங்களுடையது மாதிரியே கட்டியது. நடுவில் ஒற்றைச் சுவர். மாடியில் அந்தச் சுவரை உடைத்துக் கதவு வைத்தால், இங்கே தீப்பிடித்தால் அங்கே போய் அந்த ஏணியில் இறங்கலாம். அங்கே பிடித்தால் இங்கே வரலாம். கேட்பதற்கு எளிது. ஆனால் பக்கத்துப் பட்டறை பாயுடையது.

பாயும் லேடீஸ் பைதான் தைக்கிறார். அவருக்கு ஊர் கடையநல்லூர், இவருக்கு ஆலங்குளம் பக்கம். ஒரு காலத்தில் இரண்டு பேரும் ஒரே டம்ளரில் டீயைப் பாதி பாதியாகக் குடித்தவர்கள். பாய் புதிதாகப் போட்ட ஒரு பை டிசைன், அடுத்த மாதமே எங்கள் பட்டறையிலிருந்து மார்க்கெட்டுக்குப் போனது. பாய் இவரைத் திருடன் என்றார். அது நானே கண்டுபிடித்தது என்றார் இவர். பேச்சு நின்றது. நானும் பாயின் மனைவியும் மட்டும் நிறுத்தவில்லை. அவரை நாங்கள் ராத்தா என்போம். பெருநாளுக்கு அங்கிருந்து பிரியாணி வரும், தீபாவளிக்கு இங்கிருந்து முறுக்கு போகும். ஆண்கள் இருவரும் அதை வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவார்கள்.

கதவு என்றதும் இரண்டு பேரும் குதித்தார்கள். “கதவு வச்சா என் சாம்பிள் பூரா அவன் கண்ணுல படும்” என்றார் இவர். அதே வார்த்தையைப் பாயும் சொன்னதாக ராத்தா என்னிடம் சொன்னார். பயிற்சி மேடம் மாதக்கணக்கில் இரண்டு பட்டறைக்கும் நடந்தார். கடைசியில் கம்பெனிக்காரன் கேட்டான் என்றோ, அவர் நிற்கிற நிற்பைப் பார்க்கச் சகிக்காமலோ இருவரும் ஒத்துக்கொண்டார்கள். சுவரை உடைத்து இரும்புக் கதவு வைத்தாயிற்று. அவர் வந்து பார்க்கிற நாளும் வந்தது.

மேலே ஏறி வந்தார். பாயும் தன் மாடியில் ஏறி நிற்கிறார் என்று தகவல். “கதவு எப்பவும் தெறக்கும்லா அண்ணாச்சி?”

“தெறக்கும் மேடம். தெரியும்.”

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். இந்த மனிதருக்கு எத்தனை பட்டாலும் அந்தச் சொல் வாயை விட்டுப் போகாது.

“எங்க, பாப்பம்.”

கதவில் எங்கள் பக்கம் ஒரு பூட்டு தொங்கியது. நல்ல கனமான பூட்டு. இவர் அதன் மேல் ஒரு பையை மாட்டி மறைத்திருந்தார். பையை எடுத்த மேடம் பூட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, “பாய், உங்க பக்கமும் பூட்டு இருக்கா?” என்று கதவு வழியாகக் கத்தினார். “சும்மா பேருக்குத்தான் மேடம்” என்றது பாயின் குரல்.

கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். “ஒரு கதவுக்கு ரெண்டு பூட்டு! எந்த ஃபாக்டரியிலயும் நான் இதப் பாத்ததில்ல” என்று மிஷின் மேல் சாய்ந்து சிரித்தார். சிரித்து முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டதும் குரல் மாறிவிட்டது.

“சரி. இப்ப ரெண்டு பக்கமும் கீழ தீ. ரெண்டு ஏணியும் கெடையாது. யாரும் இறங்கக் கூடாது. கதவத் தெறங்க.”

இவருடைய சாவி சட்டைப் பையில். சட்டை கீழே ஆணியில். இவர் ஏணியில் கால் வைத்தார். “அண்ணாச்சி, ஏணி எரியுது” என்றார் அவர். கீழேயிருந்து ஓர் ஆள், சாவியைத் தூக்கிப் போடுகிறேன் என்றான். “கீழ ஆளே இல்ல. எல்லாரும் வெளிய ஓடிட்டாங்க.”

பாயின் சாவி மாஹிமில் வீட்டு பீரோவில்.

நாங்கள் உட்கார்ந்தோம். மத்தியானம் ஆயிற்று. டீக்காரர் கூடையைக் கயிற்றில் அனுப்பவா என்று கேட்டார். “தீக்குள்ள டீ வராதுண்ணே” என்றார் மேடம். புழுக்கத்தில் என் வீட்டுக்காரருக்கு வியர்த்துக் கொட்டியது. பேச்சியம்மாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் கொஞ்சமாக இவரும் பேச்சியம்மாளைப் பார்க்க ஆரம்பித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. நானும் பார்த்தேன். ‘எனக்கும் சேர்த்துத்தானே பூட்டு போட்டீர்’ என்று வாயால் கேட்க வேண்டியிருக்கவில்லை.

திடீரென்று இவர் எழுந்து கதவில் இரண்டு கையாலும் ஓங்கி அடித்தார்.

“பாய்! யோவ் பாய்! தெறய்யா கதவ!”

அந்தப் பக்கத்திலிருந்து, “எஞ்சாவி மாஹிம்ல கெடக்கு அண்ணாச்சி. நீங்க தெறங்க மொதல்ல.”

“என் சாவி கீழல்லா கெடக்கு.”

பாயின் குரல் தாழ்ந்து வந்தது. “இங்ஙன என் மருமவளும் இருக்கா அண்ணாச்சி. புள்ளைக்கு மூச்சு முட்டுதுங்கா.”

ஆண்டுக் கணக்காகப் பேசாத இருவரும் ஓர் இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று பேசினார்கள். டிசைனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பாய் ஃபோன் பண்ண, சாவியோடு ராத்தா மாஹிமிலிருந்து டாக்சியில் வந்து இறங்கினார். பயிற்சி மேடமே அவரைப் பாய் பக்கத்து ஏணியில் ஏறவிட்டார்; அவரைத் தடுக்க மேடத்தாலும் முடியாது என்பதுதான் நிஜம். ஏறிக்கொண்டே, “ரெண்டு கெழட்டு ஆம்பளைகளும் பைய மட்டும் பாதுகாத்து வச்சியளே, பொம்பளைகள எதுல பூட்டி வச்சிருக்கோம்னு நெனச்சியளா? வெக்கமா இல்ல?” என்றார். சந்து முழுக்கக் கேட்டது. பாய் பக்கப் பூட்டை அவர் திறந்தார். பயிற்சி முடிந்தது என்று மேடம் சொன்னதும், எங்கள் சாவியைக் கீழேயிருந்து எறியச் சொல்லி எங்கள் பூட்டை நான் திறந்தேன். இரண்டு பூட்டையும் ராத்தா தன் கைப்பையில் போட்டுக்கொண்டு போனார். அவை என்ன ஆயின என்று இன்று வரை யாருக்கும் தெரியாது.

அந்தக் கதவுக்கு இரண்டு பக்கமிருந்தும் தள்ளினால் திறக்கிற கொண்டி போட்டோம். பேச்சியம்மாளையும் அவள் ஃபேனையும் கதவுக்குப் பக்கத்தில் மாற்றினோம். சாம்பிள் தெரியாமலிருக்க, மிச்சம் விழுந்த லைனிங் துணியில் நாங்களே ஒரு திரை தைத்தோம். மேடம் மாதா மாதம் வந்து, டிரில் என்று ஒரு பித்தளைத் தாம்பாளத்தைத் தட்டுவார். மின்சாரம் போனாலும் தாம்பாளம் சத்தம் போடும் என்பது அவர் கணக்கு. தட்டினால் மிஷினை நிறுத்தி, ஏணி ஓட்டையைப் பலகையால் மூடிவிட்டு, கதவு வழியாக ஓட வேண்டும். யார் பட்டறை முதலில் காலியாகிறது என்று இவருக்கும் பாய்க்கும் போட்டி. பகையை இப்படியும் உபயோகிக்கலாம் என்று மேடத்துக்குத்தான் தோன்றும். இன்னொன்றும் செய்தார். வெளியே வந்த பிறகு, எங்கள் ஆட்களைப் பாய்தான் எண்ண வேண்டும், பாயின் ஆட்களை இவர் எண்ண வேண்டும். “சொந்த ஆள எண்ணும்போது, இங்கதான் எங்கயாவது இருப்பான்னு நெனச்சுக்குவீங்க. அடுத்தவன் ஆளுன்னா ஒழுங்கா எண்ணுவீங்க” என்றார். அதனால் எங்கள் பெண்கள் பெயரெல்லாம் பாய்க்கு மனப்பாடம்.

அடுத்த மழைக்காலம். மத்தியானச் சாப்பாடு முடிந்து மிஷினில் உட்கார்ந்திருந்தோம். கீழே சுவிட்ச் போர்டில் பொறி பறந்து, சொல்யூஷன் தடவிக் காய வைத்திருந்த தோல் மேல் விழுந்தது. முதலில் ஒரு ‘பொக்’ சத்தம். பிறகு தாம்பாளம். டிரில் நாள் இல்லையே என்று ஒருத்தி சொல்லி வாய் மூடுவதற்குள் ஓட்டை வழியாகக் கறுப்புப் புகை ஏறியது.

கீழே இவர் சிலிண்டரை எடுத்து அடித்தார். அடங்கவில்லை. கீழே போட்டுவிட்டு ஆட்களை வெளியே தள்ளிக்கொண்டு ஓடினார், தாம்பாளத்தைத் தட்டியபடியே. மேலே ஒருத்தி பலகையை இழுத்து ஓட்டையை மூடினாள். பேச்சியம்மாள் கதவுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறாள், எழுந்து கொண்டியில் கை வைத்தாள். அந்த நொடியில் எனக்கு ஒரே ஒரு நினைப்புதான். இந்த ஆண்கள் மறுபடியும் பூட்டு போட்டிருந்தால்?

பேச்சியம்மாள் தள்ளினாள். கதவு திறந்தது.

அந்தப் பக்கம் பாயே நின்றுகொண்டிருந்தார். கீழே ஓடாமல் மேலே ஏறி வந்திருக்கிறார். திரையை ஒரே பிடியில் பிய்த்து எறிந்துவிட்டுப் பேச்சியம்மாளின் கையைப் பிடித்தார். “வா தாயி, வா, பதட்டப்படாத.” அவள் பின்னால் மற்றவர்கள், கடைசியாக நான். கதவை இழுத்துச் சாத்திவிட்டு அவர்கள் ஏணியில் இறங்கினோம். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அந்த மழை மாதிரி ஒரு சுகத்தை நான் அனுபவித்ததில்லை.

பாய் மழையில் நின்று ஒவ்வொரு பெயராகச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். ஒவ்வொருத்தியும் கை தூக்கினாள். என் பெயர் வந்தபோது நானும் கையைத் தூக்கினேன். “எல்லாரும் இருக்காவ அண்ணாச்சி! அல்லா காவல், எல்லாரும் இருக்காவ!” என்று பாய் கத்தினார். இவர் அப்படியே சகதியில் உட்கார்ந்து, தாம்பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். தோல் போயிற்று, மிஷின்கள் போயின, தைத்து வைத்த மால் முழுக்கப் போயிற்று. ஒரு ஆளுக்கு ஒரு கொப்புளம்கூட இல்லை. ஜெயித்தோம் என்று மார்தட்டிச் சொல்லுவேன். வேறு என்ன சொல்ல?

செய்தி கேட்டு மேடம் அன்று சாயங்காலமே வந்தார். எரிந்த பட்டறையைப் பார்த்தார். இவரிடம், “பின்ன இழுத்து எத்தன தடவ அடிச்சீங்க?” என்றார். “ஒரு தடவதான் மேடம். அடங்கல. போட்டுட்டு ஓடிட்டேன்” என்றார் இவர், பரீட்சையில் தேறியவர் போல. கரி அப்பிய சுவருக்கு நடுவே நின்று அவர் கைதட்டினார். சந்தே சேர்ந்து தட்டியது.

எங்களுக்குப் பட்டறை மறுபடி எழும்பும் வரை பாய் தன் மாடியில் பாதியைக் கொடுத்தார். அது தனிக் கதை. நான் சொல்ல வந்தது சந்தைப் பற்றி. தீப்பிடித்த பிறகு யாரும் யாரையும் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. அடுத்த பட்டறைக்காரர் பாயின் சுவரில் கதவு கேட்டார். அவருக்கு அடுத்தவர் அவரைக் கேட்டார். ரெக்ஸின் கடை, பெல்ட் பட்டறை, பர்ஸ் பட்டறை என்று ஒவ்வொன்றாகச் சுவர்கள் திறந்தன. ஒரு வருஷத்துக்குள் எங்கள் மாடியில் ஏறினால், தரையில் கால் வைக்காமல் சந்து முழுவதையும் கடந்து மெயின் ரோட்டுப் பக்கம் இறங்கலாம் என்றாகிவிட்டது. நடுவில் எங்கும் பூட்டு கிடையாது.

அதற்குள் மேடத்துக்கு வேறு மாநிலத்தில் வேலை வந்திருந்தது. போவதற்கு முன்னால் ஒரு நாள் வரச் சொன்னோம். சால்வை போடுவதா, மாலை போடுவதா என்று ஆண்கள் சண்டை போட்டுக்கொண்டார்கள். கடைசியில், அவரை மேலே ஏற்றி எல்லாக் கதவு வழியாகவும் நடத்திக் கூட்டிப்போவது என்று முடிவாயிற்று. ஒவ்வொரு மாடியிலும் மிஷினை நிறுத்திவிட்டு ஆட்கள் எழுந்து நின்றார்கள்.

“முன்னால நடங்க மேடம்” என்றார் பாய்.

அவர் முதல் கதவுக்கு முன்னால் நின்றார். தலையை ஆட்டினார். “பேச்சியம்மா முன்னால போகட்டும். நாம பின்னால போவோம்.”

பேச்சியம்மாளுக்கு வெட்கம். மாட்டேன் என்றாள். அவர் நகரவில்லை. நிற்க ஆரம்பித்தால் எப்படி நிற்பார் என்பது அவளுக்கும் தெரியும். சூம்பிய காலை எட்டி வைத்து அவள் நடந்தாள். முதல் கதவைத் தள்ளினாள். பின்னால் அவர், அவருக்குப் பின்னால் நான், ராத்தா, என் வீட்டுக்காரர், பாய், சந்து முழுவதும். அவள் நிற்கிற இடத்தில் எல்லோரும் நின்றோம். அவள் நடந்தபோது நடந்தோம். யாரும் அவளை முந்தவில்லை. எப்போதும் ஓட்டமும் சத்தமுமாக இருக்கிற எங்கள் ஜனம் அவ்வளவு நிதானமாக நடந்து நான் பார்த்ததில்லை. எனக்கு முன்னால் போன அவருடைய தோள் குலுங்கிக்கொண்டே இருந்தது.

கடைசி ஏணியில் பேச்சியம்மாள்தான் முதலில் இறங்கினாள். மெயின் ரோட்டில் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவள் திரும்பி, மேலே நெருக்கியடித்து நின்ற எங்களையெல்லாம் அண்ணாந்து பார்த்து, இரண்டு கையையும் வாயில் குவித்துக்கொண்டு கூவினாள்.

“எல்லாரும் வாங்க! வழி இருக்கு!”